பைன் போன்சாய் வாடுகிறதா? கத்தரியை ஓரமாக வையுங்கள்

கொடைக்கானல் போன்ற மலையூரிலிருந்து ஆசையாக வாங்கிவந்த பைன் போன்சாய், தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளி வெயிலில் சில மாதங்களிலேயே வாடத் தொடங்குவது ஆச்சரியமில்லை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நல்லம்பள்ளியோ 500 மீட்டரை ஒட்டிய சமவெளி. குளிரும் பனியும் பழகிய மரம் இங்கே ஏப்ரல், மே வெயிலையும் போர்த் தண்ணீரையும் தாங்கியாக வேண்டும். தாங்க முடியாதபோது முதலில் அடிபடுவது வேர்தான்.

முதலில், இருப்பது பைன்தானா என்று பாருங்கள். பைனின் ஊசியிலைகள் இரண்டு, மூன்று அல்லது ஐந்தாகக் கொத்துச் சேர்ந்து இருக்கும்; இளம் கொத்தின் அடியில் ஒரு மெல்லிய உறை தெரியும். ஜூனிப்பர், அரோகேரியா போன்றவையும் பைன் என்ற பெயரில் விற்பனைக்கு வருவதுண்டு. அவற்றின் வைத்தியம் வேறு.

நோயா, இயல்பா?

தண்டை ஒட்டி உள்ளே இருக்கும் பழைய ஊசிகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. கிளை நுனியில் உள்ள புது ஊசிகள் வெளிறினாலோ பழுப்பேறினாலோதான் கவலைப்பட வேண்டும். மெல்லிய கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது.

ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: வேர் செத்த பிறகும் பைன் ஊசிகள் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். இன்று கண்ணில் படும் பழுப்பு, என்றோ நடந்த கேட்டின் விளைவு. அதைப் பார்த்துப் பதறி உரமும் மருந்தும் ஊற்றினால் மரம் இன்னும் சீக்கிரம் போய்விடும். காய்ச்சலில் கிடப்பவருக்கு விருந்து வைப்பது போன்றது அது. புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

தண்ணீர்

தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா? தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீர் கடினமானது. அதைத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் காரத்தன்மை ஏறும். பைனுக்குப் பிடித்தது லேசான அமிலத்தன்மை. கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. புது ஊசிகள் வெளிறிப் போகும். மாடியில் விழும் மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்து, அதையே ஊற்றுங்கள்.

தினமும் இத்தனை குவளை என்று கணக்கு வைக்காதீர்கள். ஒரு மூங்கில் குச்சியை மண்ணுக்குள் செருகி, சற்று நேரம் கழித்து உருவுங்கள். குச்சி ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். லேசாகக் காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள்.

மண்

வெறும் செம்மண் தொட்டிக்குள் இறுகிவிடும். நீர் தேங்கி, காற்றில்லாமல் வேர் அழுகும். செங்கல்லை உடைத்து, தூளைச் சலித்தெடுத்துவிட்டு, 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகளை மட்டும் எடுங்கள். கழுவிய பெருமணலும் மட்கிய பட்டைத் துண்டுகளும் கொஞ்சம் கலந்தால் நல்ல கலவை.

ஆனால் வெயில் காலத்தில் வேரைக் கலைக்காதீர்கள். அவசரமென்றால் மண்கட்டியோடு அப்படியே தூக்கி, சற்றுப் பெரிய தொட்டியில் வைத்து, சுற்றிலும் புதுக் கலவையை நிரப்புங்கள். தண்ணீர் பழைய கட்டிக்குள்ளும் இறங்குகிறதா என்று பார்ப்பது முக்கியம். முழு மாற்றத்தை டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள். அப்போதும் பழைய மண்ணில் பாதியை மட்டும் எடுங்கள். வேரைச் சுற்றி வெள்ளையாக ஒரு பூஞ்சை தெரியலாம். காளான் வாசத்தோடு வேரோடு ஒட்டியிருந்தால் அது வேருக்கு நீரும் சத்தும் கொடுக்கும் துணை; கழுவிவிடாதீர்கள்.

இடமும் பூச்சியும்

காலை வெயில் படட்டும். உச்சி வெயிலுக்கு நிழல்வலை போதும். ஹாலுக்குள் வைத்தால் வெளிச்சம் பற்றாது. வெயிலில் சுடும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை விட மண் தொட்டி நல்லது. ஒரு வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் சிலந்திப் பேன். ஊசிகளின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். குறையாவிட்டால், சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெயை மாலையில் தெளியுங்கள்.

காத்திருப்பு

கம்பி கட்டுவதும் கிளை வெட்டுவதும் இப்போது கூடாது. ஊசிகள்தான் மரத்துக்கு உணவு சமைக்கின்றன. பச்சை ஊசியே இல்லாத கிளையில் பைன் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. முற்றிலும் காய்ந்த கிளையை மட்டும் நீக்குங்கள்.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப் பூங்காவில் ஒரு பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் வளர்க்கப்படுவதாகக் குறிக்கப்பட்டது அது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது தப்பி, 1976இல் ஜப்பானிலிருந்து பரிசாக வந்தது. அவ்வளவு நெடிய ஆயுள் உள்ள மரத்துக்கு ஓரிரு ஆண்டு ஓய்வு பெரிதல்ல. நுனிமொட்டு தடித்து மெழுகுவத்திபோல நீண்டு, அதிலிருந்து வரும் ஊசிகள் கரும்பச்சையாக விரிந்தால் வேர் தேறிவிட்டது என்று அர்த்தம். அப்போது உரத்தைச் சிறிதளவில் தொடங்கலாம். அடுத்த துளிரும் அதே வலுவோடு வந்த பிறகே கத்தரியை எடுங்கள்.