வண்டிச் சாவி சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலில் காலையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், எந்த நாய் எவ்வளவு தூரம் வண்டியில் வந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். புரசைவாக்கம், அயனாவரம் நாய்கள் இறங்கியதும் சுவரை மோந்து பார்த்துக் காலைத் தூக்கும். ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லிப் பக்கத்து நாய்களுக்கு அதற்கும் தெம்பிருக்காது. நெஞ்சு முழுக்க எச்சில் வடிந்து ரோமம் ஒட்டிப்போயிருக்கும். வால் கால்களுக்கு நடுவே. கூட வந்தவர் ஒரு கையில் சங்கிலியும் இன்னொரு கையில் வாந்தி துடைத்த துண்டுமாக நிற்பார். என்ன பிரச்சினை என்று கேட்டால், "வீட்ல நல்லாத்தான் சார் இருந்தான், வண்டியிலதான் இப்படி ஆயிட்டான்" என்பார்.

நாயின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். அம்பத்தூர் ஓ.டி.யில் வளரும் ஒரு நாய் வருஷத்தில் எத்தனை முறை காரில் ஏறும்? ரேபிஸ் ஊசிக்கு ஒரு முறை, மற்ற ஊசிக்கு ஒரு முறை, உடம்புக்கு முடியாவிட்டால் இன்னொரு முறை. அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டதால் நாய்க்கு உரிமம் கட்டாயம். உரிமத்துக்கு ரேபிஸ் ஊசிச் சான்று கட்டாயம். உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025இல் அறிவிப்பு வந்ததும் ஊசி போட அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் நிறைய. கார் போய் நிற்கிற ஒவ்வொரு தடவையும் ஸ்டீல் மேஜை, டெட்டால் வாசனை, ஊசி. நாய் மடையன் இல்லை, கணக்குப் போட்டுக்கொள்கிறது.

வழியாவது நன்றாக இருக்கிறதா? ஆவடியிலிருந்து சி.டி.எச். ரோட்டில் கிளம்பினால் எஸ்டேட் லாரிகள், டன்லப் சிக்னல், பாடி மேம்பாலம். பூந்தமல்லியிலிருந்து வந்தால் வானகரம், மதுரவாயல், கோயம்பேடு. இருபது கிலோமீட்டருக்குச் சற்று முன்னே பின்னே இருக்கும் தூரம், ஆபீஸ் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். பஸ்காரரின் ஏர் ஹாரன் நம் காதையே கிழிக்கிறது. நமக்குக் கேட்காத உச்சஸ்தாயி ஒலியெல்லாம் கேட்கிற காதுக்கு அது என்னவாக இருக்கும்!

தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய் என்றால் கதை இன்னும் பின்னால் தொடங்கும். காது நுனியில் சின்ன வெட்டு இருக்கிறதா பாருங்கள். கருத்தடை செய்ததற்கான அடையாளம் அது. அந்த நாயின் முதல் வண்டிப் பயணம் அநேகமாக வலையில் சிக்கி, நாய் பிடிக்கும் வண்டியின் கூண்டில் நடந்திருக்கும். அதை நம் வீட்டு ஐ-10 கதவைத் திறந்து "ஏறுடா செல்லம்" என்றால் ஏறுமா?

இதில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது வயிறா, மனசா என்பதை. இரண்டையும் நாம் "கார் ஒத்துக்கலை" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வண்டி ஆட்டத்தில் குமட்டல் வருவதற்குக் காரணம் உள்காது. உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு அங்கேதான் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் சீட்டு அசையாமல் இருக்க, உள்காது மட்டும் ஆடுகிறோம் ஆடுகிறோம் என்று சொல்ல, மூளை குழம்பிப்போகும். 1950களில் நாய்களை ஊஞ்சலில் வைத்து ஆட்டிப் பரிசோதனை செய்தார்கள். உள்காதின் அந்தப் பகுதியை எடுத்துவிட்ட நாய்கள் எவ்வளவு ஆட்டினாலும் வாந்தி எடுக்கவில்லை. கொடுமையான பரிசோதனைதான், ஆனால் விஷயம் தெளிவானது அப்படித்தான். குட்டிகளுக்கு இந்த உபாதை அதிகம். வளர வளர பெரும்பாலானவற்றுக்குக் குறைந்துவிடும். ஆனால் குட்டியாக இருந்தபோது பட்ட அவஸ்தையின் நினைவு குறைவதில்லை. வயிற்றில் தொடங்கியது மனசில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி, எச்சில் எப்போது வடிகிறது என்று கவனிப்பது. வண்டி கிளம்பிப் பத்து நிமிஷம் கழித்து, வளைவுகளில் உதட்டை நக்கி, கொட்டாவி விட்டு, அப்புறம் எச்சில் ஊற்றினால் அது வயிறு. சாவியைக் கையில் எடுத்ததுமே நடுங்கி, நின்றிருக்கிற வண்டிக்குப் பக்கத்திலேயே வடிக்கத் தொடங்கினால் அது மனசு. பாவ்லோவின் நாய்களைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சாப்பாடு வரப்போகிற அறிகுறி தெரிந்ததுமே அவற்றுக்கு வாய் ஊறியது. 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு. இந்த எச்சில் சமாசாரம் அதன் ஓரத்தில் கண்ணில் பட்டது. உங்கள் வீட்டு நாய் காரைப் பார்த்து எச்சில் விடுவதும் அதே பாடம்தான், தலைகீழாக. கற்றுக்கொண்டதை மாற்றிக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதும் அந்தப் பாடத்திலேயே இருக்கிறது.

மாற்றிக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடம் ரோடு இல்லை. அடுக்குமாடி வீட்டின் கார் பார்க்கிங்தான். வாட்ச்மேன் வேடிக்கை பார்ப்பார், மாடி வீட்டு அம்மா "என்னங்க, கார்ல நாய்க்கு விருந்தா?" என்று கேட்பார். பரவாயில்லை. இஞ்சின் ஓடக் கூடாது. இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் போகலாம் என்று அதற்குத் தெரிய வேண்டும். வேகவைத்த கோழி ஈரல் நாலு துண்டை முதலில் டயருக்குப் பக்கத்தில் போடுங்கள், அப்புறம் கதவின் விளிம்பில், அப்புறம் உள்ளே. தூக்கிப் போடுவது, இடுப்பைப் பிடித்துத் தள்ளுவது கூடவே கூடாது. அது தானாக முன்னங்காலை உள்ளே வைத்தால் அன்றைய பாடம் முடிந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம்.

இதில் அளவுகோல் சாப்பாடுதான். உயிரையே விடுகிற ஈரலை வாங்காமல் நாய் முகத்தைத் திருப்பினால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். ஒரு படி பின்னால் வர வேண்டும். ஆசையாகத் தின்றுவிட்டு "அடுத்தது எங்கே?" என்று நம் முகத்தைப் பார்த்தால் ஒரு படி முன்னால் போகலாம். கதவை மூடுவது ஒரு படி. இஞ்சினைப் போட்டு அணைப்பது ஒரு படி. கேட் வரை போய்த் திரும்புவது ஒரு படி. சில நாய் ஒரு வாரத்தில் கேட்டைத் தாண்டிவிடும், சிலதுக்கு மாதக்கணக்கில் ஆகும். பக்கத்து வீட்டு லாப்ரடாரோடு ஒப்பிடுவதால் யாருக்கும் லாபமில்லை.

ரோட்டில் இறங்கும் நாள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையைத் தேர்ந்தெடுக்கலாம். வாரம் முழுக்க லாரியும் டெம்போவும் அடைத்துக்கொண்டிருக்கும் அம்பத்தூர் எஸ்டேட் உள்சாலைகள் அப்போது காலியாகக் கிடக்கும். ஓட்டுகிறவர் ஒருவர், பின் சீட்டில் நாயோடு ஒருவர். ஸ்பீட் பிரேக்கரில் ஊர்ந்து ஏறி இறங்குங்கள். இரண்டு தெரு போய் நிறுத்தி, இறக்கி, மரத்தடியை மோந்து பார்க்கவிட்டு, திரும்பி வாருங்கள். கார் போய் நிற்கிற இடத்தில் ஊசி இல்லை, நல்ல மூத்திர வாசனைதான் இருக்கிறது என்று அது தெரிந்துகொள்வதுதான் இந்தப் பயணத்தின் நோக்கமே. முடிந்தால் வழக்கமாகப் போகிற கிளினிக்குக்கும் ஒருமுறை சும்மா போய், எடை போட்டுவிட்டு, கம்பவுண்டர் கையால் ஒரு பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டு வரலாம். நல்ல டாக்டர்கள் யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

பயத்தில் பாதி, கால் வழுக்குவதால் வருவது. ரெக்சின் சீட்டில் நகம் பிடிப்பதில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் நாய் சறுக்கிக்கொண்டே இருக்கும். சணல் சாக்கோ, ரப்பர் மேட்டோ விரித்து, முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைத் துணி மூட்டையால் அடைத்துவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். இதை ஆட்டோக்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள். நாயை மடியில் ஏற்றிக்கொண்டு தவிக்கிற பெண்ணிடம், "அக்கா, மேல வெச்சா சறுக்கும்கா. கீழ கால் பக்கமா படுக்க வைங்க, நான் மெதுவாவே போறேன்" என்று சொல்லிவிட்டு மீட்டரைப் பற்றிப் பேச்செடுக்காத டிரைவர் கிடைத்தால் அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரில் கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்கி சீட் பெல்ட்டோடு இணைத்துவிடுங்கள். திடீர் பிரேக்கில் கழுத்து தப்பும்.

ஒரு வேடிக்கை. காருக்கு நடுங்குகிற நாய் ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் ராஜா மாதிரி நின்றுகொண்டு போவதைப் பருத்திப்பட்டிலும் குமணன்சாவடியிலும் எத்தனையோ முறை பார்க்கலாம். முகத்தில் காற்று, முன்னால் ரோடு தெரிகிறது, இரண்டு பக்கமும் நம் கால் அணைத்திருக்கிறது. குமட்ட எதுவுமில்லை. ஆனால் எதிரே ஒரு பூனை குறுக்கிட்டால் வண்டி, நாய், ஆள் எல்லாம் ரோட்டில்தான். அதன் சந்தோஷத்தைப் புரிந்துகொண்டு காரில் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிடலாம். தலையை வெளியே நீட்ட விடக் கூடாது. 1903இல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டர் முதன்முதலாக அமெரிக்காவைக் காரில் குறுக்கே கடந்தபோது வழியில் பட் என்ற நாயையும் சேர்த்துக்கொண்டார். புழுதியில் அதன் கண் எரிந்ததால் அதற்கும் ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டார். நம் வேப்பேரிக் கல்லூரி தொடங்கிய வருஷமும் அதே 1903தான். பூந்தமல்லி நெடுஞ்சாலைப் புழுதிக்கு இன்றைக்கும் அந்தக் கண்ணாடி தேவைப்படும்.

கிளம்புவதற்கு முன் தயிர் சாதம் ஊட்டிவிட்டுக் கிளம்புவது நம் பாசம். அது சீட்டில் திரும்பி வரும். விலங்குகளை ஏற்றிச் செல்வது பற்றி 1978இல் வந்த மத்திய அரசு விதிகளே நாய்க்கு உணவும் நீரும் பயணத்துக்கு இரண்டு மணி நேரமாவது முன்பே தர வேண்டும் என்கின்றன. வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் கொஞ்சம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடலாம்.

வாசனை, பாட்டு என்று சில உபாயங்களும் உண்டு. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த டெபோரா வெல்ஸ் என்ற ஆய்வாளர், காரில் அமைதியில்லாமல் தவிக்கும் 32 நாய்களை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், லாவெண்டர் மணம் இருந்தபோது அவை அதிக நேரம் உட்கார்ந்தும் படுத்தும் இருந்தன, குரைப்பது குறைந்தது. ஸ்காட்லாந்தில் 2017இல் காப்பகத்து நாய்களுக்குப் பாட்டுப் போட்டுப் பார்த்ததில் ரெகேயும் மென்மையான ராக்கும் பதற்றத்தைக் குறைத்தன. இளையராஜாவை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது என் வருத்தம். இதெல்லாம் தொட்டுக்கொள்ள மட்டும்தான். சாப்பாடு, மேலே சொன்ன பயிற்சிதான்.

மருந்து விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும். ஊட்டி பஸ்ஸில் நாம் போட்டுக்கொண்ட வாந்தி மாத்திரையில் பாதியை உடைத்து நாய்க்குக் கொடுக்காதீர்கள். குமட்டலுக்கு மாரோபிடன்ட் போல நாய்களுக்கென்றே வந்த மருந்து இருக்கிறது. பயத்துக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. எடையைப் பார்த்து டாக்டர் எழுதித் தர வேண்டும். அசிபுரோமசின் என்ற பழைய மயக்க மருந்தில் நாய் துவண்டு கிடக்கும், பார்க்க அமைதியாகத் தெரியும்; பயம் மட்டும் உள்ளே அப்படியே இருக்கும் என்பதால் பயத்துக்கு மருந்தாக அதை மட்டும் கொடுப்பதை இப்போது பல டாக்டர்கள் தவிர்க்கிறார்கள். பக் போன்ற சப்பை மூக்கு ஜாதிகளுக்கு மூச்சே ஏற்கெனவே திண்டாட்டம், இன்னும் ஜாக்கிரதை. எந்த மருந்தானாலும் முதல் டோஸை வீட்டில் இருக்கும் ஒரு நாளில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் செய்து பழக்கிய நாயை, "ரெண்டு நிமிஷம் மெடிக்கல்ல வாங்கிட்டு வந்துடறேன்" என்று பூட்டிய காரில் விட்டுப் போனால் எல்லாம் பாழ். மூடிய கார் எப்படிச் சூடாகிறது என்று 2005இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிதாகப் பயனில்லை. ஆவடியில் மே மாதம் வெளியே எவ்வளவு அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாய்க்கு வியர்வை பாதத்தில் கொஞ்சம், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும்.

எவ்வளவு பழக்கினாலும் தேறாத நாய்களும் உண்டு. பத்து வயது தாண்டிய, மூட்டு வலிக்கிற நாயை வேப்பேரி வரை இழுத்தடிக்க வேண்டியதில்லை. வருஷாந்திர ஊசிக்குப் பக்கத்துக் கால்நடை மருந்தகமோ, வீட்டுக்கே வருகிற டாக்டரோ போதும். எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை என்று வரும்போது மட்டும் வேப்பேரி. வலிப்போ பாம்புக்கடியோ என்றால் பயிற்சி, படி எதையும் பார்க்காமல் போர்வையில் சுற்றித் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுங்கள். பயத்தை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்.

மற்றவர்கள் அலமாரியில் இருக்கும் தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த தேதி எப்போது என்று பாருங்கள். இரண்டு மாதம் இருந்தால் தாராளம். நாளைக் காலை கறிக்கடையில் நூறு கிராம் ஈரல் வாங்கி வந்து, காரை ஸ்டார்ட் செய்யாமல் தொடங்கிவிடலாம்.