போலீஸ் தேடிய கவிஞருக்கு ஊரே ஜாமீன்!

5 பேர் கையெழுத்து இருந்தால் தங்கலாம். இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டும்!

1911-ம் ஆண்டு புதுச்சேரியில் பிரெஞ்சு அரசாங்கம் போட்ட உத்தரவு இது. வெளியூரில் இருந்து வந்து தங்கியவர்களுக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் 5 பேர் ஜவாப்தாரியாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

இதில் மாட்டிக் கொண்டவர்கள் பாரதியார், வ.வே.சு. அய்யர், அரவிந்தர் ஆகியோர். எல்லையைத் தாண்டினால் பிரிட்டிஷ் போலீஸ் தயாராகக் காத்திருந்தது.

அப்போது துணிந்து முன்னால் வந்தவர் வியாபாரி கலவை சங்கர செட்டியார். தானும் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களிடமும் வாங்கிக் கொடுத்தார். கவிஞர் தப்பினார்!

வாடகைக்கு வந்தார், பாட்டு கேட்டார்

1908-ல் சென்னையில் "இந்தியா" பத்திரிகை மீது அரசாங்கம் பாய்ந்தது. பாரதியார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். இங்கிருந்து பத்திரிகை நடத்தினார். பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழையக் கூடாது என்று தடை விழுந்தது. 1910-ல் பத்திரிகை நின்றது. வருமானமும் போயிற்று.

ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவில் குடியிருந்தார். வீட்டுக்காரரை ஊரார் "விளக்கெண்ணெய்ச் செட்டியார்" என்பார்கள். வாடகை பாக்கி கேட்க வருவார். பாரதியார் பாடுவதைக் கேட்பார். வாடகைப் பேச்சையே எடுக்காமல் திரும்பி விடுவார்!

முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமி செட்டியாரின் தோப்பும் கவிஞருக்காகத் திறந்தே இருந்தது. "குயில் பாட்டு" பிறப்பதற்குக் காரணமாக இருந்தது அந்தத் தோப்புதான்.

கிணற்றில் ஜாடி!

ஒற்றர்கள் சும்மா இருக்கவில்லை. 1912-ல் அய்யர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது ஜாடி ஒன்று சிக்கியது. திறந்து பார்த்தால் உள்ளே ராஜத்துரோகக் காகிதங்கள்!

மாட்டிவிடுவதற்காக யாரோ போட்ட ஜாடி அது. நண்பர்கள் கூடிப் பேசினார்கள். மறைக்காமல் பிரெஞ்சு போலீசில் தாங்களே போய்ச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு மயூரேசன் என்பவன் புகார் கொடுத்தான். வீடுகளில் சோதனை நடந்தது. அரவிந்தர் வீட்டில் மாஜிஸ்திரேட் கையில் கிடைத்தவை கிரேக்க, லத்தீன் எழுத்துக்கள். அவர் அசந்து போனார். வெடிகுண்டைத் தேடி வந்தவர் மரியாதை சொல்லிவிட்டுப் போனார்! புகார் கொடுத்த ஆசாமி பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓட்டம் பிடித்தான்.

கல்யாண வீட்டில் கிடைத்த சீடர்

கவிஞரைச் சுற்றி ஒரு கூட்டமும் வளர்ந்தது. வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணத்தில் சுப்புரத்தினம் என்ற உள்ளூர் வாலிபர் பாரதியார் பாட்டைப் பாடினார். பாட்டை எழுதியவரே எதிரில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது!

அந்த அறிமுகம் அவர் வாழ்க்கையையே மாற்றியது. பள்ளிக்கூட வாத்தியாராகச் சம்பளம் வாங்கிய அவர்தான் பாரதிதாசன். 1964-ல் சென்னையில் காலமானார். உடல் புதுச்சேரிக்குக் கொண்டு வரப்பட்டது.

எல்லையில் கைது

1918 நவம்பர் 20. பத்து வருடம் கழித்துப் பாரதியார் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். கடலூர் எல்லையில் காலடி வைத்ததும் கைது! டிசம்பர் 14-ல்தான் விடுதலை. 1921-ல் சென்னையில் இறந்தார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெயில். இந்தப் பக்கம் கையெழுத்துப் போட்ட வியாபாரி, வாடகை கேட்காத வீட்டுக்காரர். "பாஞ்சாலி சபதம்", "கண்ணன் பாட்டு" எல்லாம் அந்தப் பத்து வருடத்தில் எழுதப்பட்டவை.

ஈசுவரன் தர்மராஜா கோவில் தெரு வீடும், பெருமாள் கோவில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த 95-ம் எண் வீடும் இன்று நினைவு இல்லங்கள். பஜாருக்குப் போகிற வழியில் ஒரு எட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.