எதிரணித் தலைவரின் முகத்தை வரைவது யார்? ‘ரகசிய ஒப்பந்தம்’ முதல் ‘3 வீதம்’ வரை

தேர்தல் வந்துவிட்டால் ஒவ்வொரு கட்சியும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தனது தலைவரை மக்களுக்கு அறிமுகப்படுத்துவது ஒன்று. எதிரணித் தலைவரையும் தானே அறிமுகப்படுத்திவிடுவது மற்றது. இந்த நாட்டில் இரண்டாவது வேலைதான் கூடுதல் நுட்பத்துடன் நடந்து வந்திருக்கிறது. ஒருவர் என்ன செய்தார் என்று விசாரிக்கும் முன்னரே அவர் யார் என்ற ஒரு படம் நமது மனதில் பதிந்துவிடுகிறது. அதன் பிறகு அவர் பேசுவதையெல்லாம் நாம் அந்தப் படத்தின் ஊடாகவே கேட்கிறோம்.

இது எப்படி நடக்கிறது என்பதை முஸ்லிம் வாசகர்கள் விளங்கிக்கொள்வது அவசியம் என்று நான் கருதுகிறேன். ஏனெனில், இந்த நாட்டுத் தேர்தல்களில் நாம் வாக்காளர்களாக மட்டும் இருப்பதில்லை. பிறரின் பிரசாரத்துக்கான மூலப்பொருளாகவும் பலமுறை ஆக்கப்பட்டிருக்கிறோம்.

ஒரு சுவரொட்டியின் பலம்

1956 பொதுத் தேர்தலுக்கு முன்னர் சிங்களப் பகுதிகளில் ஒரு கேலிச்சித்திரம் பரவியது. புத்தர் மீது மாரன் தன் படையுடன் போர் தொடுத்த கதையை அது நினைவூட்டியது. மாரனின் இடத்தில் அன்றைய பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல யானை மீது வருவதாக வரையப்பட்டிருந்தது. பௌத்த கதையில் மாரன் ஏறி வருவது யானை. ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னமும் யானை. கிராமத்து வாக்காளருக்கு இதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

கொத்தலாவலவின் மேலைத்தேய வாழ்க்கை முறை, விருந்துகள், வாய்த்துடுக்கு எல்லாம் உண்மையானவை. ஆனால் அவரை எதிர்த்து நின்ற எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் ஒக்ஸ்போர்டில் படித்தவர், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பின்னர் பௌத்தத்துக்கு வந்தவர். இருவரும் ஒரே மேல்தட்டைச் சேர்ந்தவர்கள். ஒருவர் மண்ணின் மைந்தராகவும் மற்றவர் மாரனாகவும் மாறியது பிரசாரத்தால்தான். தேர்தல் முடிவில் 95 ஆசனங்களில் மக்கள் ஐக்கிய முன்னணி 51ஐப் பெற, ஐ.தே.க. 8 ஆசனங்களுக்குச் சுருங்கியது. அந்தத் தோல்விக்கு மொழிப் பிரச்சினை, அரிசி விலை, ஹர்த்தால் என வேறு பல காரணங்களும் இருந்தன. எனினும், அந்தக் கோபங்கள் அனைத்துக்கும் ஒரு முகத்தைக் கொடுத்தது இத்தகைய பிரசாரமே.

இதில் முதலாவது பாடம் இருக்கிறது. வெற்றிகரமான தாக்குதல் முழுப் பொய்யாக இருப்பதில்லை. அதில் ஒரு துண்டு உண்மை இருக்கும். அந்தத் துண்டைச் சுற்றி, மக்களுக்கு ஏற்கனவே பழக்கமான ஒரு பயத்தைக் கட்டுவதுதான் தந்திரம்.

பழுதாகாத ஆயுதம்: ரகசிய ஒப்பந்தம்

இலங்கை அரசியலில் மிக நீண்ட காலம் பயன்பட்ட ஆயுதம் ‘ரகசிய ஒப்பந்தம்’. 1960 ஜூலைத் தேர்தலில், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி தமிழரசுக் கட்சியுடன் ரகசிய உடன்பாடு செய்து நாட்டைப் பிரிக்கப் போகிறது என்று ஐ.தே.க. பிரசாரம் செய்தது. இரு தரப்புக்கும் இடையே பேச்சுக்கள் நடந்தது உண்மை. ஆனால் நடந்தது என்ன? சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்து ஓராண்டுக்குள், 1961இல், தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் அவசரகாலச் சட்டத்தின் கீழ் அடக்கப்பட்டு அதன் தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். நாட்டை எழுதிக் கொடுத்தவர் நடந்துகொள்ளும் முறை இதுவல்ல.

ஐந்தே ஆண்டுகளில் பாத்திரங்கள் மாறின. 1965இல் டட்லி சேனாநாயக்க தமிழரசுக் கட்சியின் ஆதரவுடன் ஆட்சி அமைத்தபோது, அதே குற்றச்சாட்டை சுதந்திரக் கட்சியும் இடதுசாரிகளும் கையில் எடுத்தனர். டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்ற இனவாதக் கோஷம் தெருவில் ஒலித்தது. தொழிலாளர் ஒற்றுமையைப் பேசிய இடதுசாரித் தலைவர்களின் அணியிலிருந்தே அது எழுந்தது என்பதுதான் வேதனை.

2014 டிசம்பரில், மைத்திரிபால சிறிசேனவும் ரணில் விக்ரமசிங்கவும் கைச்சாத்திட்டதாகக் கூறி ஓர் ஆவணம் ஊடகங்களின் முன் காட்டப்பட்டது. அது போலியானது என்று அவர்கள் தரப்பு மறுத்தது. 2019இல் ஐந்து தமிழ்க் கட்சிகள் 13 கோரிக்கைகளைப் பகிரங்கமாகவே முன்வைத்தன. சஜித் பிரேமதாச அதற்கு உடன்பட்டுவிட்டார் என்ற கதை தெற்கில் ஊர் ஊராகச் சென்றது. கோரிக்கை வைப்பது ஒருவர், அதில் கையெழுத்திடுவது வேறொருவர் என்ற எளிய வித்தியாசம் அந்தக் கதையில் அழிக்கப்பட்டது.

இந்த ஆயுதம் ஏன் பழுதாவதில்லை? ‘ரகசியம்’ என்று சொல்லிவிட்டால் சான்று காட்டத் தேவையில்லை. சான்று இல்லாமையே ரகசியத்துக்குச் சான்றாகிவிடுகிறது. மறுப்பவரோ, “ஆம், மறைக்கத்தானே செய்வார்” என்ற பதிலையே பெறுகிறார்.

அதிகாரம் கையில் இருக்கும்போது

எதிர்க்கட்சி ஒரு முத்திரை குத்தினால் அது வெறும் பேச்சு. அரசாங்கம் குத்தினால் அதற்குப் பின்னால் பொலிஸும் சிறையும் வரும். 1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலின் பின்னர், எதிரணிக்குள் ஒரு நக்சலைட் சதி இருக்கிறது என்று ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் அறிவித்தது. நடிகரும் சுதந்திரக் கட்சியின் முக்கிய பிரசாரகருமான விஜய குமாரதுங்க தடுத்து வைக்கப்பட்டார். அந்தப் பயத்தின் நிழலில் டிசம்பர் 22ஆம் திகதி ‘விளக்கா, பானையா’ என்ற சர்வஜன வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, பாராளுமன்றத்தின் ஆயுள் மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது. சதி எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. வாக்கெடுப்பு முடிந்ததும் நக்சலைட் என்ற சொல்லும் காணாமல் போனது.

சரத் பொன்சேகாவின் கதையும் இப்படித்தான். 2009 மே மாதம் அவர் போர் வீரர். எதிரணியின் பொது வேட்பாளரானதும் அரச மேடைகளில் துரோகியானார். 2010 ஜனவரி 26இல் தேர்தல் நடந்தது, பெப்ரவரி 8இல் கைது செய்யப்பட்டார். ஆட்சி மாறியதும் 2015 மார்ச்சில் பீல்ட் மார்ஷல் பட்டம் வழங்கப்பட்டது. இந்த ஆறு ஆண்டுகளில் மனிதர் மாறவில்லை, அவரது பெயர்ப்பலகைதான் மூன்று முறை மாறியது.

எமது தலைவர்கள் பூச்சாண்டியானபோது

2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு இந்தத் தொழில்நுட்பம் முழுமையாக எம்மீது திரும்பியது. அமைச்சர் ரிஷாத் பதியுதீனையும் ஆளுநர்கள் ஹிஸ்புல்லாஹ், அசாத் சாலி ஆகியோரையும் பதவி நீக்கக் கோரி அத்துரலியே ரத்தன தேரர் கண்டியில் உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 3ஆம் திகதி ஆளுநர்கள் இருவரும் பதவி விலக, அமைச்சர்கள், இராஜாங்க அமைச்சர்கள், பிரதி அமைச்சர்கள் என ஒன்பது முஸ்லிம்களும் கூட்டாகப் பதவி துறந்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். ஹக்கீமும் ரிஷாதும் சஜித்தை ஆதரித்தார்கள். சஜித்தைத் தாக்க நினைத்தவர்கள் அவருடைய கொள்கையைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. மேடையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களின் படமே போதுமானதாக இருந்தது. ‘இவருக்கு அளிக்கும் வாக்கு அவர்களுக்கு அளிக்கும் வாக்கு’ என்ற சமன்பாடு அது. அதில் ஹக்கீமோ ரிஷாதோ தனிமனிதர்களாக இருக்கவில்லை, ஒரு சமூகத்தின் குறியீடாக்கப்பட்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு நடந்ததை நாம் மறக்கக் கூடாது. 2020 ஒக்டோபர் 22இல் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளுடன் நிறைவேறியது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அவரது கட்சியின் நான்கு உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தார்கள். வேறு சில முஸ்லிம் உறுப்பினர்களும் கை உயர்த்தினார்கள். யாரைக் காட்டிப் பயமுறுத்தி வாக்குச் சேர்க்கப்பட்டதோ, அந்த அணியினரின் வாக்குகள் ஆளும் தரப்புக்கு அன்று கசக்கவில்லை. அதே நாட்களில் எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். படம் வரைந்தவர்கள் தாம் வரைந்ததை நம்பியிருக்கவில்லை. அதன் விலையைச் செலுத்தியது சமூகம்.

இன்னொரு தீங்கு

இத்தகைய தாக்குதல்களால் விளையும் மற்றொரு தீங்கைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். ஒரு முஸ்லிம் தலைவர் முஸ்லிம் என்பதற்காகத் தாக்கப்படும்போது சமூகம் அவரைச் சுற்றி அரண் அமைக்கிறது. அது இயல்பானது. ஆனால் அந்த அரணுக்குள் நியாயமான கேள்விகளும் நுழைய முடியாமல் போகின்றன. பதவியில் இருந்த காலத்தில் என்ன செய்தீர்கள், ஏன் கட்சி மாறினீர்கள், 20க்கு ஏன் கை உயர்த்தினீர்கள் என்று கேட்பவர் ‘எதிரிக்குத் துணை போகிறவர்’ ஆகிவிடுகிறார். இனவாதப் பிரசாரம் திறமையற்ற அரசியல்வாதிக்குக் கிடைக்கும் இலவசப் பாதுகாப்பு.

எமக்குள்ளேயும் இதே கலை நன்றாகவே வளர்ந்திருக்கிறது. மர்ஹூம் அஷ்ரப் 2000 செப்டெம்பரில் காலமான பிறகு, அவருடைய வாரிசு யார் என்ற போட்டி கிழக்கின் ஒவ்வொரு தேர்தலிலும் தலைகாட்டியது. கண்டியைச் சேர்ந்தவர் கிழக்கின் கட்சிக்குத் தலைவரா என்ற பிரதேசவாதமும், எதிரணியில் இருப்பவரெல்லாம் ‘சமூகத் துரோகி’ என்ற முத்திரையும் மேடைகளில் தாராளமாகப் பயன்பட்டன. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கூட்டங்களில் நான் கேட்ட பேச்சுக்களில், வீதி, வைத்தியசாலை, காணி பற்றிய நேரத்தை விட, மற்றக் கட்சித் தலைவரின் ஈமானை அளந்த நேரமே அதிகம். பிறர் எமக்குச் செய்வதைக் கண்டிக்கும் நாம், எமது மேடையில் அது நடக்கும்போது கைதட்டுகிறோம்.

முத்திரை தோற்றுப்போகும் நேரம்

2019இல் அநுர குமார திசாநாயக்க பெற்றது 418,553 வாக்குகள், 3.16 வீதம். அதன் பிறகு ‘3 வீதம்’ என்பதே அவருடைய கட்சியின் கேலிப்பெயரானது. 2024இல் அவர் 5,634,915 வாக்குகளைப் பெற்றார். முதற்கட்ட எண்ணிக்கையில் 42.31 வீதம். 88-89 காலத்து வன்முறை நினைவூட்டப்பட்டது, வரிசை யுகம் திரும்பும் என்று சொல்லப்பட்டது. எமது ஊர்களில், இவர்கள் வந்தால் தொழுகைக்கே தடை வரும் என்ற பேச்சும் உலாவியது. இவை எடுபடாமைக்குக் காரணம் எளிது. 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற மக்களின் சொந்த அனுபவம் எந்தச் சுவரொட்டியை விடவும் பலமாக இருந்தது.

ஆனால் வென்றவர்களும் இந்தக் கலைக்கு வெளியே நிற்கவில்லை. ‘ரணில் ராஜபக்ஷ’ என்று இரு பெயரை ஒன்றாக்கியதும் ஒரு முத்திரைதான். பட்டலந்த ஆணைக்குழு அறிக்கை 2025 மார்ச்சில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி கிடைக்க வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. எனினும், அது வழக்காக மாறுகிறதா, அல்லது எதிரணித் தலைவரின் பழைய படத்தைப் புதுப்பிப்பதோடு நின்றுவிடுகிறதா என்பதை வைத்தே அரசாங்கத்தின் நோக்கத்தை அளக்க வேண்டும்.

விமர்சனத்தையும் அவதூறையும் பிரிப்பது எப்படி?

அரசியல் தலைவர்களை விமர்சிக்கவே கூடாது என்பது என் வாதமல்ல. கடுமையாக விமர்சிக்க வேண்டும். ஆனால் நான் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பேன்.

முதலாவது, தாக்கப்படுவது செயலா, அடையாளமா? 2024 நவம்பரில் அமைந்த அமைச்சரவையில் ஒரு முஸ்லிம் கூட இடம்பெறவில்லை என்பது செயல் பற்றிய விமர்சனம். அதை யாரும் சரிபார்க்கலாம், அரசாங்கம் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. தொழுகைக்குத் தடை வரும் என்பது வதந்தி. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

இரண்டாவது, யார், எப்போது, எங்கே சொன்னது? பெயரில்லாத குரல் பதிவும், திகதியில்லாத காணொளித் துண்டும் சான்றாகாது. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வேட்பாளரின் பணத்துக்கு எல்லை வகுக்கிறது. நள்ளிரவில் வட்ஸ்அப் குழுவுக்கு வரும் குரலுக்கு அது எல்லை வகுப்பதில்லை. அந்த எல்லையை வகுக்க வேண்டியது நமது விரல். வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள் என்ற கட்டளை நமக்குப் புதியதுமல்ல.

மூன்றாவது கேள்விதான் மிகவும் பயனுள்ளது. குற்றம் சாட்டியவர் தேர்தல் முடிந்த பிறகும் அதைத் தொடர்ந்தாரா? உண்மையான குற்றச்சாட்டு வாக்கெண்ணிக்கையுடன் முடிவதில்லை, அது முறைப்பாடாகவும் வழக்காகவும் மாறும். 1960இன் ஒப்பந்தம், 1982இன் நக்சலைட் சதி, 2019இன் பூச்சாண்டி மூன்றையும் இந்தக் கேள்வியில் நிறுத்திப் பாருங்கள். மூன்றுமே தேர்தல் காலத்துக்கு மட்டும் உயிர் வாழ்ந்தவை.

மாகாண சபைத் தேர்தல் எப்போது வந்தாலும் இந்தப் படங்களும் திரும்ப வரும். அப்போது, எம்மைப் பற்றி வரையப்படும் படத்தை நிராகரிக்கும் அதே நீதியுடன், எமது கட்சி மற்றவரைப் பற்றி வரையும் படத்தையும் நிராகரிக்க நாம் தயாராக இருக்கிறோமா? அந்தப் பதிலில்தான் எமது வாக்கின் பெறுமதி தங்கியிருக்கிறது.