நின்றால் யார் பிடிப்பது?

மண் பாதையில பைக் ஓட்டும்போது கால் என்னென்ன வேலை செய்யுதுன்னு எண்ணிப் பாருங்க: கியர், பின் பிரேக், மேடு பள்ளத்தில் உடம்பைத் தாங்குவது, நின்றதும் தரையில் ஊன்றுவது. கால் செயலிழந்தவர் ஓட்டணும்னா இந்த நாலுக்கும் மாற்று வேணும்.

இத்தாலியின் நிக்கோலா டுட்டோவுக்கு 2010-இல் பந்தய விபத்தில் தண்டுவடம் பாதித்தது. 2019-இல் பெருவில் நடந்த டக்கார் ராலியில் அவர் கேடிஎம் பைக்கோடு இறங்கினார். கியரும் பின் பிரேக்கும் கைக்கு வந்தன. நம்ம ஸ்கூட்டர் மாதிரி தானாகவே பிடிக்கும் கிளட்ச். அதனால வேகம் குறைஞ்சாலும் இன்ஜின் அணையாது. சீட்டில் பெல்ட். காலைச் சுற்றிக் கம்பிக்கூண்டு. ஏன்னா உணர்வில்லாத கால் சைலன்சரில் சுட்டாலும், எலும்பே முறிந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது.

நாலாவது வேலைக்கு மட்டும் மெஷின் இல்லை. நின்றால் பைக் சாயும், பெல்ட்டோடு அவரும் சாய்வார். அதனால் துணை ரைடர்கள் கூடவே ஓட்டிவந்து பிடித்துக்கொண்டார்கள். ராலியை அவர் முடிக்கவில்லை. ஆனா பெருவின் மணல்மேடுகளில் ஓட்டினார்.

மாற்றுத்திறனாளிக்கு வண்டின்னா உடனே ஸ்கூட்டரில் ரெண்டு பக்கச் சக்கரம் மாட்டி ப்ராஜெக்டை முடிச்சிடறோம். அடுத்த முறை வரைபடம் போடும் முன்னாடி, ஓட்டப்போறவரிடம் ஒன்று கேளுங்க: “எங்கே போக ஆசை?”