என்புருக்கியும் ஆய்வுக்கூடமும்

காசநோயை நம் முன்னோர் என்புருக்கி என்றனர். இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது. அதற்குக் காரணமான கிருமியை 1882-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் இராபர்ட் காக் கண்டறிந்தார்.

இக்கிருமி பொறுமை மிக்கது. வேறு பல கிருமிகள் அரைமணி நேரத்தில் இரண்டாகப் பிளக்க, இஃது ஒருமுறை பிளப்பதற்கு ஏறத்தாழ ஒரு நாளாகும். ஆதலின், நோயாளியின் சளியிலிருந்து இதனை முட்டை கலந்த ஊட்டப்பொருளில் வளர்க்கும் ஆய்வாளர், கிருமிக்கூட்டம் கண்ணுக்குப் புலனாகப் பல வாரம் காத்திருத்தல் வேண்டும். மெழுகு போன்ற கொழுப்புறை அதற்குக் கவசமாகும்.

மருந்தை எதிர்க்கும் ஆற்றல் அதற்கு எங்ஙனம் வந்தது? மருந்து அதனைத் தோற்றுவிப்பதன்று. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒருசில, மரபணு மாற்றத்தால் முன்னரே அவ்வியல்பு பெற்றுள்ளன. ஒரு மருந்தை மட்டும் கொடுப்பின் ஏனையவை மடியும். அச்சில தழைத்துப் பெருகும். ஸ்டிரெப்டோமைசின் ஒன்றையே தந்த காலத்தில், தேறியவர் பலர் மீண்டும் நோயுற்றமைக்கு இதுவே காரணம். இரு மருந்துகளையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமி மிக அரிது. ஆதலாற்றான் மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கின்றனர்.

சென்னையில் 1956-இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சியே. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவரும் நம் நாட்டு மருத்துவரும் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு சாராரைக் காசநோய் மருத்துவமனையிலும், மறுசாராரை நெரிசல் மிக்க அவர்தம் எளிய இல்லங்களிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு அளித்தனர். நல்லுணவும் ஓய்வும் மருத்துவமனையிலிருந்தோர்க்கே மிகுதி. ஆயினும் இருசாராரும் ஏறத்தாழ ஒப்பவே குணமடைந்தனர் என 1959-இல் வெளியான முடிவு காட்டிற்று. வீட்டாருக்கும் அதனால் தொற்று மிகவில்லை. மருத்துவமனையில் இடம் கிடையாத ஏழைக்கு இஃது எத்துணைப் பெரிய செய்தி!

ரிபாம்பிசின் என்னும் மருந்தினை எதிர்க்கும் கிருமியை, இந்நாளில் மரபணுச் சோதனையால் சில மணி நேரத்திலேயே அறிகின்றனர்.