கண்டம் பிளக்குறது மெதுவாவா, தாவித் தாவியா?

கண்டங்கள் நகம் வளர்ற வேகத்துல நகருதுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். அது வெறும் சராசரி, மக்களே.

எத்தியோப்பியாவோட அஃபார் பகுதியைப் பாருங்க. அங்க ஆப்பிரிக்கத் தட்டும் அரேபியத் தட்டும் வருஷத்துக்குச் சுமார் 2 செ.மீ. விலகுது. ஆனா தரை தினமும் கொஞ்சம் கொஞ்சமா பிளக்காது. இழுவிசை உள்ளேயே சேர்ந்துக்கிட்டு இருக்கும். 2005 செப்டம்பர்ல, கிட்டத்தட்ட 60 கி.மீ. நீளத்துக்கு மாக்மா அடியில புகுந்துச்சு. சில வாரத்துக்குள்ள, நிலம் சில இடங்கள்ல 8 மீட்டர் வரைக்கும் விலகிருச்சு. கணக்குப் போட்டா, 400 வருஷ நகர்வு!

செங்கடல் உருவானதும் இதே தட்டுகள் விலகினதாலதான். அஃபார்லயும் சில இடங்கள் ஏற்கெனவே கடல்மட்டத்துக்கு 100 மீட்டருக்கும் கீழ இருக்கு. எதிர்காலத்துல கடல் உள்ள வரலாம்.

அங்க வாழ்றவங்களுக்கு 2 செ.மீ.ங்கிற சராசரி ஆறுதல் இல்ல. தலைமுறை தலைமுறையா அசையாத தரை, ஒரே மாசத்துல மாறிடலாம்.