தச்சுப்பட்டடை: பெயரும் அமைப்பும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேனில் அமைந்துள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2015ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள பொருள்களுள் பார்வையாளரை நெடுநேரம் நிறுத்தி வைப்பது செட்டிநாட்டு மரவாயில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அவ்வாயிலில் ஏறத்தாழ 5,000 நுண்சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அதனைக் காண்போர் பொதுவாகச் சிற்பங்களைப் பற்றியே வினவுவர். தச்சுத்தொழிலை அறிந்தவர் எழுப்பும் வினா வேறு: செதுக்கும்போது இம்மரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டது எது?

இவ்வினாவிற்குரிய விடை தமிழ்த் தச்சு மரபுக்கும் மேலைத் தச்சு மரபுக்கும் இடையே உள்ள அடிப்படை வேறுபாட்டைக் காட்டுகிறது. மேலை மரபில் மரத்தைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு கனமான ஒரு மேசையைச் சார்ந்தது. தமிழ் மரபில் அப்பொறுப்பை நிலமும் தச்சரின் காலும் பகிர்ந்துகொண்டன. தச்சர் தரையில் அமர்ந்து, பலகையைப் பாதங்களுக்கிடையில் இடுக்கி, கால்விரல்களால் அழுத்தி, உளியைச் செலுத்துவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த ஐரோப்பியர் பலரும் இதனை வியப்புடன் குறித்துள்ளனர். சிலர் இதனைக் கருவியின்மையின் விளைவு என்று எண்ணினர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. நிலத்தைவிடக் கனமான மேசையை யாரும் செய்துவிட முடியாது. நிலம் அசைவதில்லை, விலைக்கும் வாங்கவேண்டியதில்லை. எனினும் அதற்குரிய விலையைத் தச்சரின் முதுகும் முழங்காலும் கொடுத்தன என்பதை மறைத்தற்கில்லை.

சொல்லின்மை கூறும் செய்தி

தமிழாசிரியர்க்கு இங்குச் சுவையான சான்று ஒன்று கிடைக்கிறது. தச்சரின் கருவிகளுக்குத் தமிழில் பெயர்ப்பஞ்சம் இல்லை. உளி, வாய்ச்சி, இழைப்புளி, கொட்டாப்புளி, துறப்பணம், மூலைமட்டம், வாள் என அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் தச்சர் நின்று வேலை செய்யும் மேசைக்கு நிலைத்த தமிழ்ப்பெயர் இல்லை. ‘மேசை’ என்னும் சொல்லே போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது, ‘பெஞ்சு’ ஆங்கிலம், ‘விசுப்பலகை’ அமர்வதற்குரியது. பொருள் இல்லாதபோது பெயரும் இல்லை என்பதே இதற்குக் காரணம் எனலாம்.

கொல்லரின் நிலை இதற்கு மாறானது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காலால் பிடிக்க இயலாது. ஆதலின் அவருக்குத் தாங்குபொருள் இன்றியமையாததாயிற்று, பெயரும் தோன்றிற்று. திருக்குறளின் கூடாநட்பு அதிகாரத்தில், 821ஆம் குறளில், வள்ளுவர் ‘பட்டடை’ என்னும் அச்சொல்லை உவமையாகவே ஆள்கிறார். பின்னர் அது ‘பட்டறை’ என வழங்கி, தொழிற்கூடத்தையும் குறிக்கலாயிற்று.

தச்சர் சங்க இலக்கியத்தில் பெருமதிப்புடன் பேசப்படுகின்றனர். நாள்தோறும் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை அதியமானுக்கு உவமையாக்குகிறார் ஔவையார் (புறநானூறு 87). மழுவேந்திக் காட்டுக்குள் செல்லும் தச்சச் சிறுவருக்கு எத்திசையிலும் மரம் கிடைப்பதுபோல் தமக்கு எத்திசையிலும் உணவு கிடைக்கும் என்கிறார் மற்றொரு பாட்டில் (206). கருவியும் திறனும் காலமும் இப்பாடல்களில் இடம்பெறுகின்றன, மேசை இடம்பெறவில்லை.

சிங்கப்பூருக்குத் தமிழ்த் தச்சர் தொடக்கத்திலேயே வந்துவிட்டனர். 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, கொத்தரையும் தச்சரையும் அங்கிருந்து வரவழைத்தார் என அக்கால வரலாற்றுக் குறிப்புகளால் அறிகிறோம். 1825 முதல் இங்குக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள், பிராஸ் பாசா சிறைப் பட்டறைகளில் தச்சு, கொல்லு, செங்கல் முதலான தொழில்களில் பயிற்சி பெற்றனர். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்றைய இஸ்தானாவும் அவர்தம் உழைப்பால் எழுந்தவை. கைதிகள் குடியமைப்பு 1873இல் முடிவுக்கு வந்தது. அவர்களை மேற்பார்த்த மெக்நேர், அவ்வரலாற்றை 1899இல் நூலாக வெளியிட்டார்.

இன்று நிலைமை வேறு. உயர்நிலைப் பள்ளியின் தொடக்க ஆண்டுகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கற்கும் நம் மாணவர் கனமான மேசைமுன் நின்று, திருகுப்பிடியில் பலகையைப் பூட்டி வேலை செய்கின்றனர். அடுத்த பாடவேளையில் தமிழ் வகுப்புக்கு வந்து அதனை விவரிக்கச் சொன்னால் வாயடைத்து நிற்கின்றனர். பொருள் கைக்கு வந்துவிட்டது. சொல் வாய்க்கு வரவில்லை. கொல்லரிடமிருந்து சொல்லைக் கடன்பெற்று, ‘தச்சுப்பட்டடை’ என வழங்கலாம் என்பது என் கருத்து. அடியைத் தாங்கும் அசையாப் பொருள் என்னும் கருத்து இச்சொல்லில் ஏற்கெனவே அடங்கியுள்ளது. பெயரிட்டால் போதாது, பொருளின் அமைப்பையும் அறிந்தே பாடம் நடத்தவேண்டும். ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

எடையின் தேவை

கையால் இழைக்கும்போது இழைப்புளியை முன்னோக்கித் தள்ளும் விசை, மேசையையும் சேர்த்தே தள்ளுகிறது. மேசைக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை 0.4 எனக் கொண்டால், 40 கிலோகிராம் எடையுள்ள மேசை 16 கிலோகிராம் எடைக்குச் சமமான தள்ளலிலேயே நகரத் தொடங்கும். கடினமரத்தைத் தடித்த சீவலாக இழைப்பவர் அவ்விசையை எளிதில் எட்டிவிடுவார். 100 கிலோகிராம் மேசையை நகர்த்த 40 கிலோகிராமுக்குச் சமமான விசை வேண்டும். நகராத மேசையும் பக்கவாட்டில் ஆடினால் பயனில்லை. ஆட்டம் ஒவ்வொரு தள்ளலிலும் கைவிசையை விழுங்கிவிடும். எனவே எடையும் பொருத்துகளின் இறுக்கமும் சேர்ந்தே நிலத்திற்கு ஈடாகின்றன.

ஜெர்மனியில் சால்புர்க் என்னும் உரோமானியக் கோட்டையில் கிடைத்த தச்சுமேசை தாழ்வானது. தச்சர் அதன்மீது அமர்ந்தும் வேலை செய்யலாம். நம் மரபுக்கும் ஐரோப்பிய மரபுக்கும் இடைப்பட்ட படிபோல் அது தோன்றுகிறது. நின்று வேலை செய்யும் கனமான பட்டடையைத் தெளிவாக வரைந்து விளக்கியவர் பிரெஞ்சுத் தச்சர் ஆந்திரே ரூபோ. அவருடைய பெருநூல் 1769 முதல் 1774 வரை வெளிவந்தது. தடித்த ஒற்றைப் பலகை, நான்கு பருத்த கால்கள், கீழே இணைப்புச் சட்டங்கள் என்பதே அவர் காட்டும் அமைப்பு. இழுப்பறையோ அலங்காரமோ அதற்கு இன்றியமையாதன அல்ல. காலின் முன்முகமும் மேற்பலகையின் விளிம்பும் ஒரே தளத்தில் அமைவதுதான் அதன் நுட்பம். நீண்ட பலகையின் விளிம்பை இழைக்கும்போது அதனை மேற்பலகையோடும் காலோடும் ஒருசேர அணைத்துப் பிடிக்கலாம்.

செங்காலா, பால்மரமா?

நம் வட்டாரத்தில் கனமான மரத்திற்குக் குறைவில்லை. செங்கால் மரம் காற்றில் உலர்ந்த நிலையில் கனமீட்டருக்கு 915 முதல் 980 கிலோகிராம் வரை எடையுள்ளது. பாலாவ் அதனையும் மிஞ்சக்கூடும். தேக்கு ஏறத்தாழ 650. பால்மரம் எனத் தோட்டப்புற மக்கள் வழங்கும் ரப்பர் மரம் 560 முதல் 640 வரை. எடையே குறிக்கோள் என்றால் செங்காலே வெல்லும். எனினும் நான் பால்மரத்தையே பரிந்துரைப்பேன்.

முதற்காரணம், செங்காலைக் கைக்கருவியால் இழைப்பது கடும் உழைப்பு. உளியின் கூர் விரைவில் மழுங்கும். இரண்டாவது, பட்டடை வேலைப்பொருளைவிடக் கடினமாக இருத்தலாகாது. இரண்டும் மோதினால் தழும்பு பட்டடையில் விழவேண்டுமேயன்றிச் செய்பொருளில் விழக்கூடாது. மூன்றாவது, பால்மரம் பாலுக்காக வளர்க்கப்பட்டு, ஏறத்தாழ 25 அல்லது 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டப்படுவது; அதற்காகக் காடு அழிவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதனை ஆய்வுக் காரணம் என்று கூறமாட்டேன். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. தாவரவியல் பூங்காவை 1888 முதல் நடத்திய ரிட்லி அதன் பயிரீட்டைப் பரப்பினார். அதன்பின் மலாயாவெங்கும் விடியற்காலையில் அம்மரத்தின் பட்டையைச் சீவிய கைகளுள் மிகப் பலவும் தமிழர் கைகள். நம்மவர் வரலாற்றோடு இத்துணை நெருக்கமான மரம் இவ்வட்டாரத்தில் வேறில்லை.

பால்மரத்தைப் பூச்சி எளிதில் தாக்கும். ஆதலின் போரான் உப்பால் பதப்படுத்தி உலர்த்திய பலகையையே வாங்கவேண்டும்.

அமைக்கும் முறை

பட்டடையைச் செய்யப் பட்டடை வேண்டுமே என்னும் இடர்ப்பாடு தொடக்கத்திலேயே எழும். இதற்கு விடை நம் முன்னோர் முறையே: முதற்பட்டடையைத் தரையில்தான் செய்யவேண்டும். தாழ்ந்த இரு மரக்கட்டைகளின்மேல் பலகையைக் கிடத்தி, காலால் அழுத்தி அறுக்கலாம். சுவரோரம் முட்டுக்கொடுத்து இழைக்கலாம்.

மேற்பலகை 180 செ.மீ. நீளமும் 55 செ.மீ. அகலமும் ஏறத்தாழ 10 செ.மீ. தடிப்பும் கொண்டிருக்கலாம். இதனை ஒரே பலகையாக அமையாமல், 26 செ.மீ. அகலமுள்ள இரு பாதிகளாக்கி, நடுவில் 3 செ.மீ. இடைவெளி விடுவது சிங்கப்பூருக்கு ஏற்றது. இங்குக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. காற்றோட்டமான கூடத்தில் கிடக்கும் மரத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு ஈரம் தங்கும். குளிர்சாதன அறையில் அது ஏறத்தாழ 10 ஆகக் குறையலாம். இம்மாற்றத்தில் மேற்பலகை அகலவாக்கில் சில மில்லிமீட்டர் சுருங்கும். சுருங்கவிடாமல் இறுக்கிப் பூட்டினால் பலகை வெடிக்கும். இடைவெளி இருந்தால் ஒவ்வொரு பாதியும் தன்போக்கில் சுருங்கி விரியும்.

சமையலறை மேடைக்கு விற்கப்படும் ஒட்டுப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி இத்தடிப்பைப் பெறலாம். எல்லாப் பலகைகளின் மர இழையும் ஒரே திசையில் ஓடவேண்டும். ஒட்டும் முகங்களை அன்றே இழைத்திருக்கவேண்டும். பசையைத் தடவியபின் இறுக்கிகளைக் கணக்குப் பாராமல் பூட்டவேண்டும். இதில் சிக்கனம் உதவாது.

கால்கள் 14 செ.மீ.க்கு 10 செ.மீ. பருமன் உடையவை. ஒவ்வொரு காலின் உச்சியிலும் கழுந்து எடுத்து, மேற்பலகையில் முழுவதும் ஊடுருவும் துளையிட்டுச் செருகி, மேலிருந்து ஆப்பு அறைவர். ரூபோ இரட்டைக் கழுந்து அமைத்தார். அவற்றுள் முன்னது புறாவால் வடிவில் விரிந்திருக்கும். அழகானதுதான், ஆயினும் முதன்முறை செய்பவருக்கு ஒற்றைக் கழுந்தே போதும். துளையை இருபுறமும் குறியிட்டு, இரு முகங்களிலிருந்தும் பாதிப்பாதியாக உளியால் பொளிக்கவேண்டும். ஒரே பக்கமாகப் பொளித்தால் உளி வெளிவரும் இடத்தில் மரம் பிளந்துவிடும். கீழே நான்கு சட்டங்கள் கால்களை இணைக்கும். இவ்வாறு செய்தால் மொத்தம் ஏறத்தாழ 0.16 கனமீட்டர் மரம் செலவாகும். பால்மரத்தில் எடை 100 கிலோகிராமை நெருங்கும். செங்காலில் 150ஐத் தொடும். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுரமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் சுமைக்கே கணக்கிடப்படுவதால், அடுக்குமாடியில் வாழ்வோர் செங்காலைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம். பால்மரப் பட்டடையையும் அறை நடுவில் வைக்காமல் சுவரோரம் வைப்பதே நன்று.

உயரத்தை நூலைப் பார்த்து முடிவுசெய்தல் கூடாது. நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு நிற்கும் உயரமே பொதுவான அளவு. பெரும்பாலோர்க்கு 75 முதல் 85 செ.மீ. வரை அமையும். நம் மர இழைப்புளி இரும்பு இழைப்புளியைவிட உயரமானது. அதனைப் பயன்படுத்துவோர் பட்டடையைச் சில செ.மீ. தாழ்த்திக்கொள்ளலாம்.

மரத்தைப் பிடிக்க மூன்று உறுப்புகள் போதும். மேற்பலகையின் இடக்கோடியில் சதுரத் துளையில் இறுக்கமாக நிற்கும் தடுப்புக்கட்டை முதலாவது. கொட்டாப்புளியால் தட்டி அதனை ஏற்றவும் இறக்கவும் செய்வர். இரண்டாவது, வளைந்த இரும்புக் கொக்கி. அதன் தண்டைவிடச் சற்றே பெரிய துளையில் செருகித் தலையில் ஓர் அடி கொடுத்தால், தண்டு துளைக்குள் சாய்ந்து கவ்விக்கொள்ளும். பின்புறம் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். மேற்பலகை மிகத் தடித்தால் இக்கொக்கி சரியாகக் கவ்வாது என்பதால் 10 செ.மீ.க்கு மேல் போகவேண்டாம். மூன்றாவது, இடமுன் காலில் பொருத்தப்படும் திருகுப்பிடி. தச்சரின் கால் செய்த பணியைப் பட்டடையின் கால் ஏற்றுக்கொள்வது இவ்விடத்தில்தான்.

கொக்கிகளையும் பழைய இழைப்புளிகளையும் சிராங்கூன் சாலைக்கு அருகே சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் தேடி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அச்சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது. இன்று ஜாலான் புசார் இரும்புக் கடைகளை நாடலாம், அல்லது வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம்.

கூட்டி முடித்தபின் மேற்பரப்பைச் சமன்செய்யவேண்டும். இரு நேர்க்குச்சிகளை இரு கோடிகளில் குறுக்காக வைத்து, கண்ணைத் தாழ்த்தி நோக்கினால் முறுக்கம் புலப்படும். உயர்ந்த மூலைகளை முதலில் இழைத்து, பின்னர் மரத்தின் குறுக்கேயும் இறுதியில் நீளவாக்கிலும் இழைப்பது முறை. மெருகெண்ணெய் பூசிப் பளபளப்பாக்க வேண்டாம். வழுக்கும் பரப்பில் பலகை நிற்காது. ஆளிவிதை எண்ணெய் ஒருமுறை தேய்த்தால் போதும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி வைக்காமல் விரித்து உலர்த்தவேண்டும். சுருட்டிய துணி தானே தீப்பற்றும். ஓராண்டு கழிந்து, மரம் அறையின் ஈரப்பதத்திற்கு இணங்கியபின், மீண்டும் ஒருமுறை குச்சிகளை வைத்து நோக்கி, எழுந்த இடங்களை இழைத்துவிடவேண்டும்.